லூ வருவதற்குள் வேர் இறங்கட்டும்!

டெல்லியில் கோடைத் தோட்டம் போடும் தங்கச்சிகளுக்கு அக்காவின் கண்டிப்பான டிப்ஸ்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நம் ஊருக்குச் சொன்னது. டெல்லியில் கோடைக் காய்க்கு மாசிதான் பட்டம். பிப்ரவரி பாதியில் குளிர் விடும். ஏப்ரல் கடைசியில் மேற்கிலிருந்து லூ என்னும் அனல்காற்று அடிக்கத் தொடங்கும். நடுவில் கிடைப்பது இரண்டு, இரண்டரை மாதம். அதற்குள் வேர் ஆழமாக இறங்கிவிட்டால் மே மாத வெயிலைச் செடி தானே தாங்கிக்கொள்ளும். இறங்காவிட்டால் நீ குடம் குடமாகக் கொட்டினாலும் கருகத்தான் செய்யும்.

ஆனால் நீ என்ன செய்கிறாய்? பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும், ஆபீஸில் மார்ச் கணக்கு முடியட்டும் என்று காத்திருந்து, ஏப்ரல் பாதியில் விதை பாக்கெட்டோடு வந்து நிற்கிறாய். வேலைக்குப் போகிறவள், உனக்கு நேரமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் வீண் வேலை ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஆர்.கே. புரத்துக் கீழ்வீட்டுக் கொல்லையோ, மயூர் விஹாரில் சுவரோரம் நாலடி மண்ணோ, எதுவானாலும் இது பொருந்தும்.

எப்போது விதைப்பது?

1. மாதக் கணக்கை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டு என்று சொன்னால் சிரிக்காதே, ஒட்டு.
 - தை கடைசி (பிப்ரவரி முதல் பாதி): மண் கொத்தி உரம் போடு. கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று நடு.
 - மாசி (பிப்ரவரி நடு முதல் மார்ச் நடு வரை): சுரை, பீர்க்கு, பாகல், பூசணி, வெள்ளரி, வெண்டை.
 - பங்குனி (ஏப்ரல் நடு வரை): காராமணி, கொத்தவரை, முளைக்கீரை, தண்டுக்கீரை.
 - சித்திரை, வைகாசி: நிழலில் கீரை தவிர வேறு எதையும் புதிதாக விதைக்காதே. இருப்பதைக் காப்பாற்று, காயைப் பறி.
 - ஆனி, ஆடி: மழை வந்ததும் அடுத்த விதைப்பு.

2. முந்திக்கொள்ளவும் வேண்டாம். ஜனவரிக் குளிரில் வெறும் மண்ணில் போட்ட சுரை விதை முளைக்காது, அழுகும். அவசரமாக இருந்தால் பால் கவரில் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, வெயில் வரும் ஜன்னலோரம் விதைத்து வை. மூன்று நான்கு இலை வந்ததும் வேர் கலையாமல் கவரைக் கிழித்து நடு. கொடிக் காய்களுக்கு வேர் கலைந்தால் பிடிக்காது.

3. ஏப்ரல் ஆகிவிட்டதா? சுரை, வெள்ளரியை மறந்துவிடு. காராமணி, கொத்தவரை, கீரை மட்டும் போடு. மற்றதை மழைக்கு ஒத்திவை. ஒத்திவைத்தால் விதையாவது மிஞ்சும்.

எதைப் போடுவது, எதை விடுவது?

4. முதல் வருஷம் ஐந்தே ஐந்து: வெண்டை, காராமணி, கொத்தவரை, முளைக்கீரை, சுரை. இவை வெயிலுக்கு அஞ்சாதவை. கொத்தவரை, ராஜஸ்தான் வறட்சியிலேயே விளைகிற பயிர். பதினைந்து வகை போட்டுவிட்டு எதையும் கவனிக்காமல் விடுவதைவிட ஐந்தை ஒழுங்காக வளர்ப்பது மேல்.

5. எண்ணிக்கையில் அடக்கம் வேண்டும். நான்கு பேர் வீட்டுக்குச் சுரை இரண்டு கொடி போதும். எட்டுக் கொடி விட்டால் அக்கம்பக்கத்தார் உன்னைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். பாகல், பீர்க்கு மூன்று மூன்று. வெண்டையை மட்டும் கஞ்சத்தனமில்லாமல் இருபது, இருபத்தைந்து செடி போடு. நாலைந்து செடியில் ஒரு நேரப் பொரியலுக்குக்கூடத் தேறாது.

6. இவற்றை இப்போது தொடாதே: காலிஃபிளவர், முட்டைக்கோஸ், பட்டாணி, கேரட், பீட்ரூட். இவை டெல்லிக் குளிர்காலத்துக் காய்கள். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய நாட்டு அவரை விதையும் அப்படித்தான். பகல் பொழுது குறுகினால்தான் அது பூக்கும். கோடையில் போட்டால் கொடி வீடு முழுக்கப் படரும், காய் ஒன்றுகூட வராது. அந்த விதையைப் பத்திரமாக ஆடிக்கு வைத்துக்கொள்.

7. தக்காளிக்குக் கெடு உண்டு. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். பிப்ரவரி முதல் பாதியில் நாற்று நட்டால் மே தொடக்கம் வரை காய் பறிக்கலாம். மார்ச் கடைசியில் நர்சரியில் பச்சைப்பசேலென்று நிற்கிற தக்காளி நாற்றைப் பார்த்து மயங்கி வாங்காதே. அது வளரும், பூக்கும், அவ்வளவுதான்.

8. புடலைக்குக் காற்றில் ஈரம் வேண்டும். லூவில் அது படுகிற பாட்டைப் பார்க்க முடியாது. ஆனி மழையோடு விதை.

9. கறிவேப்பிலை செத்துவிட்டது என்று பிடுங்காதே! டெல்லிக் குளிரில் அது இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும். குச்சியை நகத்தால் லேசாகக் கீறிப் பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் நுனிகளை வெட்டி, ஒரு கூடை மட்கிய உரம் போடு. மார்ச்சில் துளிர்க்கும்.

விதை வாங்கும்போது

10. பூசாவுக்கு ஒரு நடை போய் வா. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உன் ஊரிலேயே இருக்கிறது. 1905-ல் பீகாரின் பூசாவில் தொடங்கியது. 1934 பூகம்பத்தில் கட்டடம் இடிந்த பிறகு 1936-ல் டெல்லிக்கு வந்தது. இங்கேயே, இந்த வெயிலில், இந்த மண்ணில் சோதித்த ரகங்கள் அதனுடையவை. சுரைக்கு ‘பூசா நவீன்’, பாகலுக்கு ‘பூசா தோ மௌசமி’, வெள்ளரிக்கு ‘பூசா உதய்’, காராமணிக்கு ‘பூசா கோமல்’, வெண்டைக்கு ‘பூசா ஏ-4’ என்று பெயர் சொல்லிக் கேள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் அங்கே நடக்கும் கிருஷி விக்யான் மேளாவுக்குப் போனால் கோடை விதையை ஒரே இடத்தில் வாங்கிவிடலாம்.

11. பீர்க்கு விதையில் ஏமாறாதே. கடையில் ‘தோரி’ என்று மட்டும் கேட்டால் வழவழவென்று இருக்கும் நுரைபீர்க்கு விதையைத் தருவார்கள். நமக்குத் துவையலுக்கு வேண்டியது வரிவரியாக நரம்புள்ளது. பாக்கெட்டில் படத்தைப் பார்த்து வாங்கு. ‘பூசா நஸ்தார்’ நரம்புள்ள ரகம்.

12. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படி. காலாவதித் தேதி தாண்டிய விதை பாதிகூட முளைக்காது. விதை ரோஸ் நிறத்திலோ நீல நிறத்திலோ இருந்தால் மருந்து தடவியது. பிள்ளைகள் கையில் கொடுக்காதே; தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஹைபிரிட் விதையாக இருந்தால் அதன் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த வருஷம் போடாதே, தாய்ச்செடி மாதிரி வராது.

மண் வேலை

13. முதலில் செங்கல்லைப் பொறுக்கு. காலனி வீடுகளின் கொல்லையில் பாதி மண், பாதி கட்டட இடிபாடு. ஒன்றரை அடி ஆழத்துக்குக் கொத்தி, சிமெண்டுக் கட்டி, ஓட்டுத் துண்டு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடு. தோட்டக்கார மாலியிடம் விட்டால் மேலே நாலு விரல் கிளறிவிட்டுப் போய்விடுவார். கூடவே நின்று செய்யச் சொல்.

14. பச்சைச் சாணம் போடாதே. அது மட்கும்போது சூடேறி வேரைப் பொசுக்கும். போதாததற்குக் கரையானையும் கூப்பிடும். டெல்லி மண்ணில் கரையான் ஏற்கெனவே தாராளம். நன்றாக மட்கி, கறுத்து, வாடையில்லாமல் உதிர்கிற உரம்தான் வேண்டும். ஒரு சதுர அடிக்கு இரண்டு கை அந்த உரம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். வெண்டை, கத்தரி, தக்காளி வேரில் முடிச்சு முடிச்சாக வரும் நூற்புழுவை வேப்பம் புண்ணாக்கு அடக்கும்.

15. கோடையில் மேட்டுப்பாத்தி வேண்டாம். மேடாக இருந்தால் நாலு பக்கமும் காய்ந்துபோகும். தரையைவிட நாலு விரல் பள்ளமாகப் பாத்தி கட்டு. ஊற்றுகிற தண்ணீர் அங்கேயே நிற்கும். மேட்டுப்பாத்தியை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்.

விதைப்பு

16. ராத்திரி ஊறப்போடு, காலையில் விதை. வெண்டை, சுரை, பீர்க்கு, பூசணி, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பாகல் விதையின் தோல் கெட்டி. நகவெட்டியால் கூர்முனையில் துளி நறுக்கிவிட்டு ஊறவை. காராமணி, கொத்தவரையை ஊறப்போடாதே, பிளந்துவிடும். ஈர மண்ணில் அப்படியே போடு.

17. ஆழமாகப் புதைக்காதே. விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு மண் மேலே இருந்தால் போதும். கீரை விதையைப் புதைக்கவே வேண்டாம். மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் மெல்லத் தட்டிவிடு. எறும்பு இழுத்துப் போகாமல் இருக்க, முளைக்கும்வரை ஈரக் கோணி போட்டு மூடு. முளை தெரிந்த அன்றே கோணியை எடுத்துவிடு.

18. களைந்துவிட மனசு வரவேண்டும். ஒரு குழியில் மூன்று சுரை விதை போட்டால், நல்லதாக ஒன்றை வைத்து மற்ற இரண்டையும் கத்தரியால் நறுக்கிவிடு. பாவம் பார்த்தால் மூன்றும் உருப்படாது. வெண்டைச் செடிகளுக்கு நடுவே ஒரு சாண், வரிசைக்கு வரிசை ஒன்றரைச் சாண் விடு. கொடிக்குக் கொடி ஐந்தாறு அடி.

பந்தல்

19. பந்தலை மேற்குப் பக்கம் போடு. வேலையை மிச்சம் பிடிக்கும் பெரிய யுக்தி இதுதான். டெல்லியில் சுடுகிற வெயிலும் மேற்கே, லூ வருவதும் மேற்கே. அந்தப் பக்கத்தில் மூங்கில் நட்டு, வலை கட்டி, சுரை, பீர்க்கு, பாகலை ஏற்றிவிட்டால் அது பச்சைச் சுவராக நிற்கும். அதன் கிழக்கு நிழலில் கீரை, மிளகாய், தக்காளியை வை. காசு போட்டு நிழல்வலை வாங்குவது பாதியாகக் குறையும்.

20. கயிற்றை இறுக்கிக் கட்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஆந்தி என்னும் புழுதிப்புயல் அடிக்கும். 2022 மே 30 மாலை அடித்த காற்றில் டெல்லியில் பெரிய மரங்களே வேரோடு சாய்ந்தன. உன் துணி உலர்த்தும் கொடிக்கயிறு எந்த மூலைக்கு? மூங்கிலை ஒன்றரை அடி ஆழம் புதைத்து, குறுக்கே கட்டை கொடுத்துக் கட்டு. பந்தலை மழைநீர்க் குழாயிலோ மின்கம்பத்திலோ கட்டாதே.

பூவும் காயும்

21. “அக்கா, பூவெல்லாம் உதிர்கிறதே” என்று பதறாதே. கொடியில் முதலில் வருவது ஆண் பூக்கள். அவை ஒரு நாள் பூத்து உதிரத்தான் செய்யும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டியிருக்கும். சுரையில் அது சுண்டுவிரல் நுனியளவு, வெண்ணிற மெல்லிய ரோமத்தோடு தெரியும். அதைப் பார்த்தபிறகுதான் காய்க்குக் கணக்குப் போடவேண்டும்.

22. ஆறேழு இலை வந்ததும் சுரைக் கொடியின் நுனியைக் கிள்ளு. நடுக்கொடியில் பெரும்பாலும் ஆண் பூ, பக்கக் கொடிகளில்தான் பெண் பூ அதிகம். ஒரு கிள்ளுக்குப் பலன் இரட்டிப்பு.

23. தேனீ வராவிட்டால் நீயே சேர்த்துவை. சுரையும் நரம்புப் பீர்க்கும் சாயங்காலம் மலரும். ஆபீஸிலிருந்து வந்து காப்பி குடிக்கும் நேரம்தான் சரியான நேரம். ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களை மடக்கு. நடுவில் மஞ்சள் தூள் ஒட்டிய தண்டு நீட்டி நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் மூன்று மடிப்பிலும் மெல்லத் தடவு. மூன்று நாளில் குட்டிக் காய் கொஞ்சம் பெருத்துக் கீழே தொங்கினால் பிடித்துவிட்டது. மஞ்சளாகிச் சுருங்கினால் பிடிக்கவில்லை. பூசணி, பாகல், வெள்ளரிக்கு இதைக் காலையிலேயே செய், எட்டு மணிக்குமேல் பயனில்லை.

24. காயை முற்றவிடாதே. வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறி. நுனியை ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். ஒரு காய் முற்றிவிட்டால் செடி விதை கட்டுவதில் இறங்கிவிடும், புதுப் பூ குறையும். கத்தரிக்கோலால் நறுக்கு, முழுக்கை போட்டுக்கொள், இல்லாவிட்டால் கை அரிக்கும்.

25. சுரைக்காயைச் சமைக்குமுன் ஒரு துளி நுனிநாக்கில் வைத்துப் பார். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போடு. இதில் சமாதானமே கிடையாது. கசப்புச் சுரைக்காயில் நஞ்சு இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது. 2010-ல் டெல்லியில் கசந்த சுரைச்சாற்றைக் குடித்து ஒருவர் இறந்தே போனார். அதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிபுணர் குழுவும் கசந்தால் குடிக்காதே என்றுதான் எச்சரித்தது. வெள்ளரிக்கும் இதே விதி.

தண்ணீர்

26. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை மத்தியானம் திறந்துவிடாதே. மே மாதத்தில் அது வெந்நீர். விடியற்காலையில் ஊற்று, முடியாவிட்டால் வெயில் தாழ்ந்து மண் ஆறியபிறகு ஊற்று. ரப்பர் குழாயில் முதலில் வரும் சூட்டுத் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டுக் குளிர்ந்தபின் செடிக்குக் காட்டு.

27. தினமும் தெளிக்காதே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆழமாக ஊற்று. மேலாகத் தெளித்தால் வேரும் மேலாகவே நிற்கும். லூ அதைத்தான் முதலில் கருக்கும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார். ஈரம் பட்டால் இன்றைக்கு வேண்டாம். முளைத்துப் பத்து நாள் ஆகாத நாற்றுக்கும் தொட்டிச் செடிக்கும் மட்டும் தினமும் உண்டு.

28. மத்தியானம் இரண்டு மணிக்கு இலை தொங்கினால் ஓடாதே. பூசணி, சுரை இலை எல்லாம் அந்த நேரத்தில் தொங்கும். ஆறு மணிக்குப் போய்ப் பார். நிமிர்ந்திருந்தால் தண்ணீர் போதும். அப்போதும் தொங்கினால்தான் தாகம். தாகமில்லாத செடிக்கு மத்தியானம் ஊற்றி ஊற்றி வேரை அழுகவைப்பவர்கள்தான் அதிகம்.

29. எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது?
 - அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர்: நல்லது. உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீர் வேண்டாம்.
 - ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர்: நல்லது. வாளி வைத்துப் பிடி.
 - ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீர்: உப்பு அதிகம். தரை துடைக்கப் பயன்படுத்து, செடிக்குத் தினமும் ஊற்றாதே.
 - கூலரில் வாரம் ஒருமுறை மாற்றும் பழைய தண்ணீர்: நீர் ஆவியாகி உப்பு மட்டும் கெட்டிப்பட்டிருக்கும். அதுவும் வேண்டாம்.
 - நஜஃப்கர், துவாரகா பக்கம் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. மண்மேல் வெள்ளை பூத்தால் உஷாராகு.

30. வேப்ப இலையை வீணாக்காதே. மார்ச் மாதத்தில் டெல்லித் தெருவெல்லாம் வேம்பும் அரசும் இலை கொட்டும். இரண்டு மூட்டை அள்ளி வந்து பாத்தியில் மூன்று விரல் கனத்துக்கு மூடாக்குப் போடு. தண்டைச் சுற்றி மட்டும் நாலு விரல் இடம் விடு. மண் குளிரும், களை குறையும், தண்ணீர் பாதி மிஞ்சும். இலையைக் குவித்துக் கொளுத்தாதே. டெல்லியில் இலை, குப்பை எரிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே தடை போட்டு, அபராதம் 5,000 ரூபாய் என்று வைத்தது.

31. நேரமில்லாதவளுக்கு மட்கா. கோடையில் தெருவெல்லாம் மண்குடம் விற்கும். பெயிண்ட் அடிக்காத, சாதாரண ஐந்து லிட்டர் குடமாக வாங்கு. கழுத்து மட்டும் வெளியே தெரியப் பாத்தி நடுவில் புதைத்து, நிரப்பி, மூடிவை. குடத்தின் உடம்பு வழியே நீர் கசிந்து சுற்றி ஓரடிக்குள் இருக்கும் நாலு செடிக்கும் வேரிலேயே போய்ச் சேரும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். மூடியை மறக்காதே, திறந்திருந்தால் கொசு முட்டையிடும். தொட்டிச் செடியின் அடித்தட்டில் நிற்கும் தண்ணீரையும் கொட்டிவிடு. டெங்கு இந்த ஊரில் விளையாட்டில்லை.

வெயிலும் பூச்சியும்

32. ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் நிழலைக் கட்டிவிடு. பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலை போதும். வலை இல்லையா, பழைய பருத்தி வேட்டி போதும். கீரை, தக்காளி, மிளகாய், புது நாற்று இவற்றுக்கு மட்டும். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் கட்டினால் வெயிலைத் தேடி ஒல்லியாக வளரும், காய்க்காது. 2024 மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாட்களில் உரம் போடாதே, செடியை வெட்டாதே, இடம் மாற்றாதே. ஊறவைத்த கடுகுப் புண்ணாக்குத் தண்ணீரை மே, ஜூனில் தொடவே தொடாதே, வேர் வெந்துவிடும்.

33. ஆரஞ்சு வண்டுக்குச் சாம்பல். சுரை, பூசணி முளைத்து இரண்டு இலை விட்டதும் பளபளவென்று ஆரஞ்சு நிற வண்டு வந்து, இலையைச் சல்லடையாக்கும். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் விறகுக் கரிச்சாம்பல் கேட்டு வாங்கு. காலையில் பனி ஈரம் காயுமுன் இலைமேல் தூவு. விடிகாலையில் வண்டு மந்தமாக இருக்கும், கையாலேயே பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடலாம். நாலு இலை தாண்டிவிட்டால் கொடி பிழைத்துக்கொள்ளும்.

34. பழ ஈக்குக் காகிதப் பை. பாகல், பீர்க்குப் பிஞ்சு கோணிக்கொண்டு, ஊசி குத்திய இடத்தில் பிசின் கசிந்தால் பழ ஈ முட்டையிட்டிருக்கிறது. காய் பிடித்த அன்றே செய்தித்தாள் பை மாட்டு. பொறி வாங்கினால் ‘க்யூலூர்’ உள்ளதாகக் கேள். மாம்பழ ஈக்கு வைக்கும் பொறி இதற்கு வேலை செய்யாது. கெட்ட காயை உரக்குழியில் போடாதே. பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போட்டுப் புழுவைக் கொன்றுவிட்டு வீசு.

35. வெண்டை இலையில் மஞ்சள் வலை தெரிந்தால் அந்தச் செடியைப் பிடுங்கு. வெள்ளை ஈ பரப்பும் நோய் அது, மருந்து கிடையாது. ஒன்றைக் காப்பாற்றப் போய் இருபதை இழக்காதே.

36. இலையின் அடிப்பக்கத்தைப் பார். வறண்ட வெயிலில் சிவப்புச் சிலந்தி அங்கேதான் குடியிருக்கும். விடிகாலையில் குழாய்த் தண்ணீரை அடியிலிருந்து பீய்ச்சினாலே பாதி போய்விடும். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து தெளி. வெயில் சாய்ந்தபிறகு மட்டும். பகலில் எண்ணெய் பட்டால் இலை பொசுங்கும்.

37. குரங்கோடு சண்டைக்குப் போகாதே. காட்டுமேட்டை ஒட்டிய காலனிகளில் அது தினசரி வரும் விருந்தாளி. வெளி ஓரத்தில் பாகலை ஏற்று, அதை அது அவ்வளவாக விரும்பாது. வெள்ளரியையும் தக்காளியையும் உள்ளே, வலைக்குள் வை. கல்லெறிந்தால் கடிதான் கிடைக்கும்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது

38. மே பாதியில் ஸ்கூல் மூடியதும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவாய். தெரிந்ததுதானே? அதை வைத்தே திட்டம் போடு.
 - கிளம்புவதற்கு முந்தின நாள் பிஞ்சு உட்பட எல்லாக் காயையும் பறித்துவிடு.
 - மட்கா நிரப்பு, மூடாக்கை இரட்டிப்பாக்கு, தொட்டிகளை எல்லாம் சுவர் நிழலில் ஒட்டி ஒட்டி வை.
 - பக்கத்து வீட்டாரிடம் மூன்று நாளுக்கு ஒருமுறை மட்கா நிரப்பச் சொல். “காய் எல்லாம் உங்களுக்கே” என்று சொல்லிவிட்டுப் போ. காய் பறிக்கிறவர்கள் தண்ணீர் ஊற்ற மறக்க மாட்டார்கள். காயைப் பறிப்பதால் செடியும் விடாமல் காய்க்கும்.

மழை வருமுன்

39. டெல்லிக்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 27 வாக்கில் வரும். அதே 2024-ல், 46.8 டிகிரி அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர் கொட்டியது. கோடைக்காகப் பள்ளமாகக் கட்டிய பாத்தி அந்த மழையில் குட்டையாகிவிடும். ஜூன் மூன்றாம் வாரமே வரப்பை உடைத்து, தண்ணீர் வெளியேற வாய்க்கால் வெட்டு. நிழல்வலையைக் கழற்று. ஓய்ந்துபோன வெள்ளரி, தக்காளிச் செடிகளை அகற்று. அந்த இடம் புடலைக்கும் அம்மா கொடுத்த அவரைக்கும்.

வாரத்துக்கு இவ்வளவுதான்

- திங்கள், புதன், வெள்ளி காலை பத்து நிமிஷம்: தண்ணீர், வெண்டை பறிப்பு.
- இரண்டு நாள் சாயங்காலம் ஐந்து நிமிஷம்: சுரைப் பூச் சேர்க்கை, காய்க்குப் பை.
- ஞாயிறு அரைமணி: இலையின் அடிப்பக்கம் சோதனை, களை, மட்கா, கயிறு.

இதற்குமேல் டெல்லிக் கொல்லை உன்னிடம் கேட்காது. ஆனால் கேட்கிற நாளில் கொடுக்க வேண்டும். மாசியில் தவறவிட்ட ஒரு வாரத்தைச் சித்திரையில் எத்தனை வாளி ஊற்றினாலும் திரும்பப் பிடிக்க முடியாது. ஆகவே தங்கச்சி, பெரிய தோட்டம் போடலாம், நல்ல தொட்டி வாங்கலாம், மாலி வரட்டும் என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. இந்த ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்கிச் செங்கல்லைப் பொறுக்கி மண்ணைக் கொத்து. அடுத்த சனி ராத்திரி வெண்டையையும் சுரையையும் ஊறப்போடு. சந்தேகம் வந்தால் உஜ்வாவிலுள்ள வேளாண் அறிவியல் மையமான கிருஷி விக்யான் கேந்திராவில் கேள், அக்காவிடமும் கேள். ஏப்ரல் பாதியில் மட்டும் வந்து கேட்காதே!